வீவக வீட்டில் அங்கோரா முயல்: வளர்ப்பு, நூற்பு, சாயம், பின்னல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டு அங்கோரா முயல்கள் வளர்க்கிறேன். ஒன்று முல்லை, இன்னொன்று பஞ்சு. அவற்றின் முடியை நானே நூற்று, சாயமேற்றி, பின்னுகிறேன். சமூக மன்றப் பின்னல் குழுவிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். முயல் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதல் பாதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

அங்கோரா என்பது ஆடா, முயலா?

இரண்டும் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். துருக்கியின் தலைநகர் அங்காராவுக்குப் பழைய பெயர் அங்கோரா. அந்தப் பெயரில் ஆடு, பூனை, முயல் மூன்றுமே இருக்கின்றன. அங்கோரா ஆட்டின் முடியை மொஹேர் என்பார்கள். கடையில் நூல்கண்டின் சீட்டில் அங்கோரா என்று போட்டிருந்தால் அது முயல் முடி. கேஷ்மீர் வேறு ஓர் ஆட்டினுடையது.

அங்கோரா முயலின் முடி ஓர் இழை சுமார் 12 முதல் 16 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். நம் தலைமுடி அதைப்போல நாலைந்து மடங்கு. இழைக்கு நடுவே காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் இருப்பதால் எடை குறைவு, வெப்பம் வெளியே போகாது. ஆட்டுக் கம்பளியைவிடக் கூடுதல் கதகதப்பு தருவது இதனால்தான். இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு இதுதான் அடிப்படை.

சிங்கப்பூர் வெயிலில் இந்த முயலை வளர்க்கலாமா?

ஏர்கான் அறை இருந்தால், முடியை எப்போதும் குட்டையாக வைத்திருக்க மனம் இருந்தால், வளர்க்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

முயலுக்கு வசதியான வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 21 டிகிரி. நம் ஊரில் விடியற்காலையிலேயே 24, 25 இருக்கும், மதியம் 32, 33. காற்றின் ஈரம் வேறு. முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. நாயைப்போல மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதனால் சரியாக முடியாது. காது வழியாகத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்றும். மற்ற முயல்களே இங்கே 28 டிகிரி தாண்டினால் திணறத் தொடங்கும். அங்கோரா, குளிர்தேசத்துக் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாமல் போட்டுக்கொண்டிருக்கிற பிராணி.

என் வீட்டில் ஒரு படுக்கையறை முழுக்க அவற்றுக்குத்தான். காலை பத்து மணி முதல் மாலை ஏழு வரை 23 அல்லது 24 டிகிரியில் ஏர்கான் ஓடும். இரவில் வெளியே காற்றோட்டம் போதாவிட்டால் அப்போதும் ஓடும். தரையில் இரண்டு பீங்கான் ஓடுகள் போட்டு வைத்திருக்கிறேன், வயிறு படப் படுத்துக்கொள்ளும். ஒரு ஏப்ரல் மாதம், நான் வேலையில் இருந்தபோது ஏர்கான் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பஞ்சு கழுத்தை நீட்டி, தலையை அண்ணாந்து, மூக்கு ஈரமாகி, வேகவேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. காதைத் தொட்டால் கொதிக்கிறது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டது. ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அந்த அதிர்ச்சியே ஆபத்து. அன்று முதல் அறையில் வெப்பமானி வைத்திருக்கிறேன், 27 தாண்டினால் என் கைபேசிக்குச் செய்தி வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது.

மின்கட்டணம் கூடும். அந்தச் செலவு கண்ணை உறுத்தும் என்றால் இந்த இனம் உங்களுக்குச் சரிப்படாது.

வீவக வீட்டில் முயலுக்கு அனுமதி உண்டா?

உண்டு. பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் கதவு திறந்தது, முயலுக்கு அதற்கு முன்பிருந்தே தடையில்லை. ஆனால் கூண்டை வீட்டு வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் வைக்காதீர்கள். அது வெப்பத்துக்கும் கெடுதல், போக்குவரத்துக்கும் இடைஞ்சல். முடி பறந்து அண்டை வீட்டுக்குப் போனால் நியாயமாகவே கோபப்படுவார்கள்.

உண்மையான அங்கோரா எங்கே கிடைக்கும்?

இங்கே அரிது. கடைகளில் அதிகம் பார்ப்பது ஹாலந்து லாப், நெதர்லாந்து டுவார்ஃப், லயன்ஹெட் வகைகள். குட்டியாக இருக்கும்போது முடி புசுபுசுவென்று இருந்தால் அதையும் அங்கோரா என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. எனக்கே அது நடந்தது. நான் முதலில் வாங்கிய குட்டி வளர வளர, கழுத்தைச் சுற்றி மட்டும் பிடரிமயிர் நின்றது, உடம்பு முடி கொட்டிவிட்டது. லயன்ஹெட். அதையும் கடைசி வரை வளர்த்தோம், நல்ல பிள்ளை. நூற்பதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

குட்டியின் தாய், தந்தையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜெர்சி வுல்லி என்றொரு சின்ன வகை உண்டு. பிரெஞ்சு அங்கோராவையும் நெதர்லாந்து டுவார்ஃபையும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கியது. ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அதன் முடியையும் நூற்கலாம், கொஞ்சமாகக் கிடைக்கும்.

தத்தெடுப்பதையே நான் முதலில் சொல்வேன். எஸ்பிசிஏ (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்), ஹவுஸ் ராபிட் சொசைட்டி போன்ற அமைப்புகளிடம் கைவிடப்பட்ட முயல்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. நீண்ட முடி முயல்களைச் சிலர் பராமரிக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். முல்லை எங்களிடம் வந்தது அப்படித்தான். வந்த அன்று வயிற்றுப் பக்கம் முழுக்க ஒரே சிக்கு, பாய்போல ஒட்டியிருந்தது.

ஜொகூரிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் ஏவிஎஸ் என்னும் விலங்குநல மருத்துவப் பிரிவு தரும் உரிமம் இல்லாமல் முயலைக் கொண்டுவருவது குற்றம். பிராணிக்கும் சித்திரவதை.

என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும்?

காய்ந்த புல், காய்ந்த புல், மேலும் காய்ந்த புல். டிமோதி புல் எந்நேரமும் தட்டில் இருக்க வேண்டும், உணவில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதுவே. அதற்குமேல் கொஞ்சம் உருண்டைத் தீவனம், ஒரு கைப்பிடி கீரை. நான் தேக்கா சந்தையில் கொத்தமல்லி, புதினா வாங்குவேன். சாய் சிம், கங்கோங் கீரைகளையும் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ கூடவே கூடாது. சோறு, ரொட்டி, பிஸ்கட் கொடுக்கும் தாத்தா பாட்டிகளிடம் அன்பாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

புல்லை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்கும். பூனைபோல அதனால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போன முடி குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு வருவது நார்ச்சத்து. குடல் மந்தமானால் முடி உள்ளே கட்டிக்கொள்ளும். அங்கோராவுக்கு இந்த ஆபத்து மற்ற முயல்களைவிட அதிகம். புழுக்கைகளைத் தினமும் பாருங்கள். சிறுத்துப்போனாலோ, முடியில் கோத்த மணிமாலைபோல வந்தாலோ எச்சரிக்கை. அரை நாள் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பப்பாளியும் அன்னாசியும் முடியைக் கரைத்துவிடும் என்று சொல்வார்கள். அவற்றிலுள்ள நொதி முடியைக் கரைப்பதில்லை. சர்க்கரைதான் கூடுதலாகப் போகும்.

முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரை முயல் வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. 2020 செப்டம்பரில் முயல் ரத்தக்கசிவு நோய் முதன்முதலாகச் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. அதற்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேட்டு முயலுக்குப் போட்டுவிடுங்கள். பெண் முயலுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது. செய்யாதவற்றுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருகிறது.

குளிப்பாட்டலாமா?

வேண்டாம். பயத்தில் அதிர்ச்சியடையும், நனைந்த முடி பிரிக்கவே முடியாத சிக்காகிவிடும். பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்த்துங்கள். நம் ஈரக் காற்றில் அழுக்கான முடியை ஈ மொய்த்து முட்டையிட்டுவிடும்.

வாரத்துக்கு மூன்று முறையாவது சீவ வேண்டும். அக்குள், தாடைக்குக் கீழ், தொடை இடுக்கு, இந்த இடங்களில்தான் சிக்கு தொடங்கும். சிக்கைச் சீப்பால் இழுக்காதீர்கள். முயலின் தோல் ஈரத் தாள்போலக் கிழியும். விரலால் பிரியவில்லையென்றால் தோலோடு ஒட்டாமல் நுனிமழுங்கிய கத்தரியால் வெட்டிவிடுங்கள்.

முடியை எடுக்கும்போது முயலுக்கு வலிக்காதா? ஒரு காணொளி பார்த்து மனம் கலங்கிவிட்டது.

2013ல் சீனாவில் எடுத்து பீட்டா என்னும் விலங்குரிமை அமைப்பு வெளியிட்ட காணொளியாக இருக்கும். கட்டிப்போட்ட முயல்களின் முடியை உயிரோடு பிடுங்குவார்கள், அவை அலறும். அதைப் பார்த்தபின் எச் அண்ட் எம், ஸாரா உள்பட உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் பல அங்கோரா விற்பதை நிறுத்தின. நீங்கள் கலங்கியது சரிதான். நானும் அதற்குப் பிறகு கடையில் விற்கும் அங்கோரா எதையும் தொடுவதில்லை. பண்ணை தெரியாத நூலை இப்போதும் வாங்கமாட்டேன்.

வீட்டில் நடப்பது வேறு. இங்கிலீஷ், பிரெஞ்சு வகை முயல்களுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பழைய முடி தானாகக் கழன்று, அடியில் புதிய முடி முளைக்கும். அந்தச் சமயத்தில் இரண்டு விரலால் மெல்லப் பிடித்தால் கையோடு வந்துவிடும், காய்ந்த இலை காம்பிலிருந்து வருவதுபோல. முயல் மடியில் கண்மூடிப் படுத்திருக்கும். கொஞ்சமேனும் இழுக்க வேண்டியிருந்தால் நேரம் ஆகவில்லை என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஜெர்மன் அங்கோராவுக்கு முடி தானாகக் கழலாது, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை வெட்டித்தான் ஆக வேண்டும். அதைப் பிடுங்குவது கொடுமை.

சிங்கப்பூரில் நான் எந்த வகையானாலும் கத்தரியைத்தான் எடுக்கிறேன். முடி முழு நீளம் வளரும்வரை காத்திருந்தால் முயல் வெந்துபோகும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவேன். ஒரே நாளில் முடிப்பதில்லை. இன்று முதுகு, நாளை ஒரு பக்கம், அதற்கடுத்த நாள் மறுபக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் அதன் பொறுமையைச் சோதிப்பதில்லை. முடி நீளமாக இருந்தால் நூற்பது சுலபம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெட்டுகிற நாளை நூல் முடிவு செய்யக் கூடாது, முயலின் உடம்புச் சூடு முடிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு முயலிலிருந்து எவ்வளவு முடி கிடைக்கும்? வியாபாரம் செய்யலாமா?

குளிர்தேசத்தில் நன்றாக வளர்ந்த இங்கிலீஷ் அங்கோரா ஆண்டுக்கு 300, 400 கிராம் தரும். ஜெர்மன் வகை ஒரு கிலோவைத் தொடும். இங்கே குட்டையாக வெட்டுவதாலும், வயிற்று முடி, அழுக்குப்பட்ட முடி ஆகியவற்றை ஒதுக்குவதாலும் எனக்கு இரண்டு முயலிலும் சேர்த்து அந்த முதல் அளவே வருவதில்லை. ஒரு கழுத்துத் துண்டுக்கு நூறு கிராம் போதும், எனக்கு அது தாராளம்.

வியாபாரம் வேண்டாம். இமாச்சலத்தில் குலு பக்கம் கார்சாவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் அங்கோரா முயல் வளர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது. அந்த மலைக்காற்றில் அது ஒரு பிழைப்பாகும். கம்பளியும் முயலும் பார்க்க ஆசைப்படும் குழந்தைகளை விடுமுறையில் கொடைக்கானல் அழைத்துப்போனால், மன்னவனூரில் அதே நிறுவனத்தின் தென்னிந்திய மையம் இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் செம்மறிக் கூட்டமும் முயல் கொட்டகையும் பார்க்கலாம்.

ராட்டை இல்லாமல் நூற்க முடியுமா?

முடியும், தக்ளி என்னும் சின்னக் கைக்கதிர் போதும். தமிழ்நாட்டில் காந்தி வழி ஆதாரக் கல்விப் பள்ளியில் படித்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் கையிலேயே இந்த வித்தை இருக்கும். என் மாமியாருக்கு எண்பது வயது. முயல் முடியைப் பார்த்து முகம் சுளித்தவர், தக்ளியைக் கையில் கொடுத்ததும் ஒரு சுண்டு சுண்டினார். அறுபது ஆண்டுக்குப் பிறகும் விரல் மறக்கவில்லை. எனக்கு இரண்டு மாதத்தில் வராதது அவருக்கு இரண்டு நிமிடத்தில் வந்தது. பிறகு அவரிடம்தான் முறையாகக் கற்றேன்.

பருத்தி இழை மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும், நான் வெட்டும் முடி நான்கு, ஐந்து சென்டிமீட்டர். அதனால் பருத்தி நூற்றவருக்கு இது நீளம்தான். வேறுபாடு வழுக்கலில் இருக்கிறது. ஆட்டுக் கம்பளியில் இயற்கையான சுருள் உண்டு, இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முயல் முடியில் அந்தச் சுருள் இல்லை, பட்டுபோல நழுவும். முறுக்கு போதாவிட்டால் நூல் சத்தமில்லாமல் கழன்று தக்ளி கீழே விழும். ஆகவே மெல்லிய நூலாக, நிறைய முறுக்கேற்றி நூற்க வேண்டும். தக்ளியை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றினால் நூலின்மீது எடை தொங்காது, தொடக்கத்தில் அறுபடாமல் வரும்.

நல்ல செய்தி ஒன்று. செம்மறிக் கம்பளியைப்போல இதில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கழுவாமலே நூற்கலாம். வெட்டும்போதே வெட்டுவாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி டப்பாவில் அடுக்கிவிட்டால் சீவக்கூடத் தேவையில்லை, அப்படியே ஒரு பிடி எடுத்து நூற்கத் தொடங்கலாம்.

முதல்முறை நூற்பவர்கள் முயல் முடியை மட்டும் எடுக்காதீர்கள். முக்கால் பங்கு மெரினோ (மென்மையான செம்மறிக் கம்பளி), கால் பங்கு அங்கோரா கலந்து சீவி நூற்றுப் பாருங்கள். மெரினோவின் பிடிப்பு வழுக்கலைச் சமாளிக்கும், துணிக்கு இழுத்தால் நீண்டு திரும்பும் இழுவையும் கிடைக்கும். எனக்குக் கை பழகிய பிறகும் இந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது.

நூற்கும்போது மின்விசிறி, ஏர்கான்?

மின்விசிறி அறவே கூடாது, அறை முழுக்கப் பனிபோலப் பறக்கும். குளிர்நாட்டில் நூற்பவர்களுக்குப் பெரிய தொல்லை நிலைமின்சாரம். வறண்ட காற்றில் முடி கையை விட்டு விலகி விலகி ஓடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. ஆனால் கை வியர்த்தால் முடி விரலில் ஒட்டிக்கொள்ளும். நான் மழை பெய்து ஓய்ந்த பொழுதில், சன்னலோரம், மின்விசிறியும் ஏர்கானும் போடாமல் உட்கார்வேன். வெள்ளை முடியென்றால் மடியில் கறுப்புத் துணி விரித்துக்கொள்ளுங்கள், இழை கண்ணுக்குத் தெரியும். மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் முகக்கவசம் போடுவது நல்லது.

நூற்ற நூலைச் சுவரில் அடிக்கிறீர்களே, எதற்கு?

என் கணவரும் முதலில் பயந்துபோய்க் கேட்டார். இரண்டு ஒற்றைப் பிரிகளை எதிர்த்திசையில் முறுக்கி இரட்டைப் பிரி நூலாக்கி, வளையமாகச் சுற்றிச் சிட்டம் போட்ட பிறகு, அதைச் சுடுநீரில் ஒருமுறை, குளிர்நீரில் ஒருமுறை மாற்றி மாற்றி முக்குவேன். பிழிந்துவிட்டுக் குளியலறைச் சுவரில் நாலு அடி அடிப்பேன். இதில் இழைகள் லேசாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு அதிகம் முடி உதிராது. மேலே பூனைமயிர்போல ஒரு புசுபுசுப்பு எழும். அங்கோராவின் அழகே அந்தப் புசுபுசுப்புதான். கொஞ்சம் கூடினாலும் நூல் முழுக்க ஒட்டிக் கயிறாகிவிடும், ஆகவே இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் இருப்பதை வைத்தே சாயமேற்ற முடியுமா?

கேசரிப் பவுடர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதிலிருந்தே தொடங்கலாம். கேசரிக்கும் ஜிலேபிக்கும் போடும் அந்த மஞ்சள், ஆரஞ்சு உணவுச் சாயங்கள் அமிலச் சாய வகையைச் சேர்ந்தவை. முடி, பட்டு போன்ற புரத இழைகளை அவை கெட்டியாகப் பிடிக்கும். பருத்தியில் நிற்காது.

இருபது கிராம் நூலுக்கு நான் செய்வது இது. சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட வெதுவெதுப்பான நீரில் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவிடுவேன். முயல் முடி தண்ணீரில் மிதக்கும், உள்ளே நனைவதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறும். ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் நீர், கால் தேக்கரண்டி கேசரிப் பவுடர், நாலு மேசைக்கரண்டி வினிகர். நூலை அமுக்கிவிட்டுச் சிறுதீயில் அரை மணி நேரமெடுத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். கொதிக்கவிடக் கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எழும்போதே தீயைத் தணித்துவிடுங்கள். கரண்டியால் கிளறாதீர்கள். சூடும் அசைவும் சேர்ந்தால் நூல் கட்டியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் சாயமெல்லாம் நூலுக்குள் போய் நீர் தெளிந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கணம் அலுக்கவில்லை. அடுப்பை அணைத்து, அப்படியே இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில், ஆறிய சாயநீரின் அதே சூட்டிலுள்ள நல்ல நீரில் அலசுங்கள்.

இயற்கைச் சாயங்களில் சமையல் மஞ்சள் எளிது, உடனே பிடிக்கும். ஆனால் வெயில் பட்டால் வெளிறும், மஞ்சள் நனைத்த துணி என்ன ஆகும் என்று நமக்குத் தெரிந்ததுதானே. வெங்காயச் சருகு அதைவிட நன்றாக நிற்கும். சந்தையில் வெங்காயக் கூடையின் அடியில் கிடப்பதைக் கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள். இதற்கு முதலில் நூலைப் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும். நூறு கிராம் நூலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் போதும். தேன் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை வரும்.

சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி கேளுங்கள். படிகாரமிட்ட நூலை மஞ்சிட்டிச் சாற்றில் 65 டிகிரி அளவிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் செங்கல் சிவப்பு வரும், சூடு ஏறினால் பழுப்படிக்கும். சோழமண்டலக் கரையில் பருத்திக்குச் சிவப்பேற்றிக் கப்பல் கப்பலாக அனுப்பிய நம் முன்னோர் பயன்படுத்தியது சாயவேர். அதுவும் மஞ்சிட்டியும் ஒரே தாவரக் குடும்பம். வேரைத் தண்ணீரில் போட்டு நிறம் இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

நோன்யா குவே என்னும் பலகாரத்துக்கு நீலம் தரும் சங்குப்பூவைப் பலர் கேட்கிறார்கள். அழகான நீலம்தான், ஆனால் நூலில் நிற்காது. வினிகர் பட்டால் ஊதாவாகும், நாலு நாள் வெளிச்சத்தில் சாம்பலாகும். நீலம் வேண்டுமென்றால் அவுரி. அதற்கான காரநீர் முடியைத் தின்றுவிடும், அளவு தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

சாயப் பாத்திரம், கரண்டி இரண்டையும் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். படிகாரம், மஞ்சிட்டி என்று பழக்கமான பெயர்கள் இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

முதலில் என்ன பின்னலாம்?

கழுத்தோடு ஒட்டி நிற்கும் சின்ன வளையத் துண்டு. நூல் குறைவாகச் செலவாகும், தவறினால் பிரிக்கலாம். பிரிக்கும்போது இழுக்காமல் மெல்லப் பிரியுங்கள், புசுபுசுப்பு சிக்கிக்கொள்ளும். நூலின் தடிமனுக்கு வழக்கமாக எடுப்பதைவிட ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். கழுவிய பிறகு புசுபுசுப்பு எழும்பி இடைவெளிகளை நிரப்பும், அதற்கு இடம் விட வேண்டும்.

இந்த நூலில் இழுவை கிடையாது. தொப்பியின் விளிம்பு, கையுறையின் மணிக்கட்டு போன்ற இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடங்களை மெரினோவில் பின்னிவிட்டு மற்றதை அங்கோராவில் பின்னுங்கள். மெரினோவும் ஊசிகளும் சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கத்து நூல் கடைகளில் கிடைக்கும்.

பிறந்த குழந்தைக்குத் தொப்பி பின்னித் தர முடியுமா?

பேரன், பேத்தி பிறந்தவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் இழை உதிரும், குழந்தையின் வாயிலும் மூக்கிலும் போகும். குழந்தைக்கு மெரினோவோ பருத்தியோ பின்னித் தருகிறேன். பாட்டிக்கு அங்கோரா.

இந்த வெப்பத்தில் யார் போடுவார்கள்?

என் மாமியார், முழங்காலுக்கு. ஏர்கான் நடுங்கவைக்கும் அலுவலகத்தில் என் தோழி, தோளுக்கு. டிசம்பரில் ஜப்பான், கொரியா போகிறவர்கள். மெல்பர்னில் படிக்கும் என் தங்கை மகள் கையுறையைக் கழற்றுவதே இல்லையாம்.

பூச்சி, பூஞ்சை வராமல் எப்படிப் பாதுகாப்பது?

காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரமுறிஞ்சிப் பொட்டலம், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது. படக்கருவி வைக்கும் ஈரக்கட்டுப்பாட்டுப் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வந்த முடியைப் பையில் கட்டி மூன்று நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு அடுக்கினால் அந்துப்பூச்சி அண்டாது. முயல் இருக்கும் வீட்டில் அந்துருண்டை போடாதீர்கள், அது அவற்றுக்கு நஞ்சு.

முயல் வளர்க்காமலே இதைச் செய்யலாமா?

தாராளமாக. தன் முயல்களைப் பெயர் சொல்லி அழைக்கும் சின்ன வளர்ப்பாளர்கள் வெளிநாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஐம்பது கிராம் முடி வாங்கினாலே இரண்டு மாதம் நூற்கலாம். எப்படி எடுத்த முடி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நூற்பில் மட்டும் ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். முயல் ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். நூற்பு அலுத்துப்போனாலும் அது உங்கள் வீட்டில் இருக்கும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்கிறீர்கள்?

நானும் கணவரும் சேர்ந்து போவதைக் குறைத்துக்கொண்டோம். போயே ஆக வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முந்தின வாரம் முடியை வெட்டிவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் வருவார். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: வெப்பமானி 25க்குள் இருக்கிறதா, புல் தட்டு நிறைந்திருக்கிறதா, தண்ணீர் மாற்றியாயிற்றா, புழுக்கை நேற்றைய அளவில் இருக்கிறதா, இரண்டும் வாசலுக்கு ஓடி வந்தனவா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும், எனக்குப் பிறகு சொன்னால் போதும். மருத்துவரின் எண் அந்தத் தாளின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது.